டாப்பு போட்ட பிறகு ஏன் காது அடைக்கிறது?

வெயிலுக்காகத்தான் டாப்பு போடுகிறோம். ஐப்பசி மழைக்கும் அது உதவும். ஆனால் பட்டறையிலிருந்து டாப்பு மாட்டிக்கொண்டு வந்து, முதல் நாள் ரோட்டவேட்டர் ஓட்டிவிட்டு இறங்கும்போது காதுக்குள் 'ஙொய்' என்று ஒன்று நிற்கும். வண்டி அதேதான், என்ஜின் அதேதான். தலைக்கு மேல் ஒரு தகரம் வந்ததும் எங்கிருந்து இத்தனை சத்தம் வந்தது?

என் வண்டிக்கு டாப்பு அடித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். மூன்று சிலிண்டர் வண்டி. பட்டறைக்காரர் அனுபவசாலி, வெல்டிங் அவ்வளவு சுத்தம். "நாலு காலையும் நேரா மட்கார்டுல வெச்சு வெல்டு அடிச்சிட்டா ஆடவே ஆடாது தம்பி" என்றார். அவர் சொன்னபடி ஆடவில்லை. ஆடாத அந்த டாப்பு என்ஜினோடு சேர்ந்து உறுமத் தொடங்கியது. அந்த சம்பாவில் எனக்குத் தொடர்ந்து தொளி உழவு. இரவு வீட்டுக்கு வந்தால், "ஏங்க, சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்று மனைவி மூன்றாம் முறை தோளைத் தொட்டுக் கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது. இந்த அத்தியாயத்தை நான் எழுதுவதற்கு அந்த மூன்றாம் முறைதான் காரணம்.

முதலில் காதுக்கு என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சத்தத்தை டெசிபல் கணக்கில் சொல்வார்கள். அது கிலோ, லிட்டர் போன்ற நேர்க்கணக்கு இல்லை. 3 டெசிபல் கூடினால் காதில் வந்து மோதும் ஆற்றல் இரண்டு மடங்காகிறது, ஆனால் நமக்கு ஏதோ கொஞ்சம் கூடின மாதிரிதான் படும். அதனாலேயே அசட்டையாக இருந்துவிடுகிறோம். நியோஷ் எனப்படும் அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு, 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1 மணி நேரம். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். கேபின் இல்லாத டிராக்டர் சுமை இழுக்கும்போது ஓட்டுபவர் காதருகே 90ஐத் தாண்டுவது சாதாரணம். நாமோ நாற்றங்கால் தயாராகிவிட்டால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இருக்கையை விட்டு இறங்குவதில்லை.

புது வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கும் மத்திய அரசு நிலையத்தில் டிராக்டர்களைப் பரிசோதித்து அறிக்கை தருகிறார்கள். ஓட்டுநரின் காதருகே அளந்த சத்தமும் அதில் இருக்கும். குதிரைத்திறனையும் டீசல் செலவையும் விசாரிக்கும்போது இதையும் விசாரியுங்கள்.

இரைச்சலால் போகும் கேள்வித்திறன் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஓசைகளில்தான் முதலில் போகிறது. ஆரம்பத்தில் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது பிடிபடாது. "சத்தமா பேசுறீங்க, தெளிவா பேச மாட்டேங்குறீங்க" என்று நாம் எதிராளியைக் குறை சொல்வோம். டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு இடது காது கூடுதலாகக் கெடுவதையும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். வலது தோள் வழியாகப் பின்னால் திரும்பிக் கலப்பையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறோம் அல்லவா, அப்போது இடது காது நேராக என்ஜினைப் பார்க்கிறது. உட்காதில் செத்துப்போன நுண்மயிர் அணுக்கள் மறுபடி முளைப்பதில்லை.

சத்தம் வரும் மூன்று வழிகள்

டாப்பு தானாகச் சத்தம் போடாது. என்ஜின் போடும் சத்தத்தை அது மூன்று விதமாக வாங்கி நம் தலையில் இறக்குகிறது. ஒன்று, கால் வழி: என்ஜினின் அதிர்வு சேஸிஸ், ஆக்சில், மட்கார்டு என்று ஏறிக் கால் பைப்புகள் வழியாகக் கூரைக்குப் போகிறது. இரண்டு, தோல் வழி: அப்படி வந்த அதிர்வை மேல் தகரம் வாங்கிப் பறையின் தோல்போல அடித்து ஒலிக்கிறது. மூன்று, கண்ணாடி வழி: பானெட்டிலிருந்தும் சைலன்சரிலிருந்தும் காற்றில் வருகிற சத்தம், டாப்பு இல்லாவிட்டால் வானத்தைப் பார்த்துப் போயிருக்கும், இப்போது தகரத்தின் அடிப்பக்கத்தில் பட்டு நேரே காதுக்குத் திரும்புகிறது.

இதே வரிசையில்தான் வைத்தியமும் செய்ய வேண்டும். நான் இந்த அத்தியாயத்தில் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். பெரும்பாலானவர்கள் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். ஸ்பாஞ்ச் வாங்கி டாப்புக்கு அடியில் ஒட்டுகிறார்கள், காசு போகிறது, உறுமல் அப்படியே இருக்கிறது. ஸ்பாஞ்சால் உறுமலை ஏன் அடக்க முடியாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். மூன்று சிலிண்டர் என்றால் சுற்றுக்கு ஒன்றரை வெடி. 1,800 ஆர்.பி.எம்மில் நொடிக்கு 45 வெடி. நொடிக்கு 45 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏழரை மீட்டர். ஒரு அங்குல ஸ்பாஞ்சைக் கண்டு அந்த அலை நிற்காது. அதைக் காலிலும் தோலிலும்தான் பிடிக்க வேண்டும்.

எந்த வழி உங்கள் வண்டியில் பெரிது என்று கண்டுபிடிக்க அதிகச் செலவில்லை. கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அது காட்டும் எண்ணை முழுக்க நம்ப வேண்டாம், ஆனால் ஒரே கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, கை ஆக்சிலேட்டரை வேலை செய்யும் வேகத்துக்கு இழுத்து வைத்து, காதுக்குப் பக்கத்தில் அளந்து எழுதி வையுங்கள். போல்ட்டில் மாட்டிய டாப்பு என்றால் கழற்றிவிட்டு ஒருமுறை அளங்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் டாப்பின் பங்கு. நாம் இங்கே குறைக்கப் போவது அதைத்தான். வேலை ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதே இடத்தில், அதே வேகத்தில் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு டெசிபல் குறைந்தாலும் அது லாபம்தான்.

பிறகு இதைச் செய்யுங்கள். ஏணி வைத்து ஏறி, டாப்பின் மேல் இரண்டு கை நெல்லைப் பரவலாகத் தூவுங்கள். உமியோ பதரோ வேண்டாம், காற்றில் போய்விடும். கீழே ஒருவர் ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றட்டும். குறைந்த வேகத்தில் நெல் சும்மா கிடக்கும். ஒரு குறிப்பிட்ட வேகம் வரும்போது தகரத்தின் நடுவில் கிடந்த மணிகள் துள்ள ஆரம்பிக்கும். துள்ளித் துள்ளி நடுப்பகுதியைக் காலிசெய்துவிட்டு, கீழே குறுக்குப் பைப் ஓடும் கோட்டின் மேல் போய் வரிசையாகத் தங்கும். இன்னும் வேகம் கூட்டினால் அந்தப் படமே மாறி வேறு இடத்தில் துள்ளும். நெல் காலியான இடம்தான் தோல் அடிக்கும் இடம். சாக்பீஸால் அங்கே வட்டம் போட்டு, எந்த ஆர்.பி.எம்மில் துள்ளியது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் வேகமும் அதுவும் ஒன்றாக இருந்தால், உறுமலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வளைவான டாப்பில் நெல் நிற்காது, அங்கே உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

கால்: ரப்பர் எங்கே, எப்படி

முதலில் ஓர் எச்சரிக்கை. வண்டியோடு கம்பெனியிலிருந்தே உருள்தடுப்புக் கம்பி வந்திருந்தால் அதில் துளை போடாதீர்கள், வெல்டு வைக்காதீர்கள், அதன் போல்ட்டுகளுக்கு அடியில் ரப்பர் கொடுக்காதீர்கள். வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காப்பது அந்தக் கம்பியும் சீட் பெல்ட்டும்தான். பட்டறையில் அடித்த டாப்பு நிழலுக்கு மட்டுமே. அது நம்மைத் தாங்கும் என்று எந்த நாளும் நினைக்க வேண்டாம். அதேபோல் ஆக்சில் கூடு வார்ப்பிரும்பு. அதில் வெல்டு வைத்தால் விரிசல் விடும். ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில் கனமான பிளேட் பிராக்கெட் வைத்து, அதன்மேல் காலை நிறுத்துவதுதான் முறை. மட்கார்டு தகரத்தின் மேலேயே காலை நிறுத்தினால் அந்தத் தகரமும் சேர்ந்து அதிரும், ஒன்றிரண்டு வருடத்தில் வெல்டு ஓரத்தில் கிழியும். என் வண்டியில் கிழிந்தது.

ரப்பர் வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே வைப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. காலின் அடியில் வைத்தால் மொத்த டாப்பும் ஓர் ஆள் உயரத்தில் ரப்பர்மேல் நிற்கிறது, வரப்பு ஏறி இறங்கினால் தென்னைபோல ஆடும். பட்டறைக்காரர்கள் ரப்பரே வேண்டாம் என்று சொல்வது இதனால்தான், அவர்கள் பயம் நியாயமானது. அதற்கு நல்ல வழி, கால்களைக் கீழே இறுக்கமாக போல்ட் செய்துவிட்டு, காலின் தலைக்கும் கூரைச் சட்டத்துக்கும் நடுவில் ரப்பரை வைப்பது. அப்போது கூரை மட்டுமே ரப்பர்மேல் மிதக்கும். முன் கால் இரண்டையும் பின் கால் இரண்டையும் மேலே ஒரு குறுக்குப் பைப்பால் இணைத்துவிட்டால் கால்களும் ஆடாது.

எவ்வளவு மிருதுவான ரப்பர்? இதைக் கவனமாகப் படியுங்கள். கடினமான ரப்பர் வைப்பது, ரப்பரே வைக்காததைவிட மோசமாகலாம். ரப்பர்மேல் உட்கார்ந்த எந்தப் பொருளுக்கும் தானாக ஆடும் வேகம் ஒன்று உண்டு. கூரையின் எடையில் ரப்பர் 2 மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த வேகம் நொடிக்கு சுமார் 11 ஆட்டம். 1 மில்லிமீட்டர் என்றால் 16. கால் மில்லிமீட்டர்கூட அமுங்காத கட்டி ரப்பர் என்றால் 30ஐத் தாண்டிவிடும். என்ஜின் அடிக்கும் வேகம் இந்த வேகத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் தடுப்பதற்குப் பதில் பெருக்கிவிடும். மூன்று சிலிண்டர் என்ஜின் ஐடிலிங்கில், 750 ஆர்.பி.எம்மில், நொடிக்கு 19 முறை அடிக்கிறது. 1,400இல் 35 முறை. கட்டி ரப்பரின் 30, 35 சரியாக இங்கே வந்து மாட்டிக்கொள்கிறது. 2 மில்லிமீட்டர் அமுங்கும் ரப்பரின் 11 எந்த வேகத்திலும் மாட்டாது. ஆகவே இலக்கு 2 மில்லிமீட்டர்.

இதைக் கடையில் சொல்லி வாங்க முடியாது, வீட்டில் சோதித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமன் தகரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ. ஒன்றரை மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம் என்றால் தகரம் மட்டும் 16, 17 கிலோ. சட்டம், உள்ளே ஒட்டப்போகும் சாமான் எல்லாம் சேர்த்து 32 கிலோ என்று வையுங்கள். நான்கு ரப்பர், ஒன்றுக்கு 8 கிலோ. வாட்டர் கேன் ஒன்றில் 8 லிட்டர் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். ரப்பரைச் சமதளத்தில் வைத்து, மேலே ஒரு சிறு பலகை, அதன்மேல் கேன். கேன் வைப்பதற்கு முன்னும் பின்னும் பலகையின் உயரத்தை ஸ்கேலால் பாருங்கள். 2 மில்லிமீட்டர் இறங்கினால் அதுதான் உங்கள் ரப்பர். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைகளில் கிடைக்கும் ரேடியேட்டர் புஷ், சிறிய வண்டிகளின் சைலன்சர் ரப்பர் ஆகியவற்றை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். லாரி என்ஜின் மவுண்ட் நூற்றுக்கணக்கான கிலோவுக்குச் செய்தது, 8 கிலோவுக்கு அசையவே அசையாது. பழைய டயர்த் துண்டும் கன்வேயர் பெல்ட்டும் உள்ளே நூலும் கம்பியும் ஓடுவதால் கட்டியானவை. மிதிக்கும் தளத்தில் விரிக்க அவை நல்லவை, இந்த வேலைக்கு வேண்டாம்.

மாட்டும் முறை: காலின் தலையில் உள்ள பட்டைக்கு மேலே ஒரு ரப்பர், கீழே ஒரு ரப்பர், நடுவில் போல்ட். போல்ட் போகும் துளை போல்ட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இடையில் ரப்பர் கழுத்து வர வேண்டும். போல்ட்டுக்கு ஒரு ஸ்லீவ் போட்டு, நட்டு அந்த ஸ்லீவில் போய் நிற்கும்படி செய்யுங்கள். இல்லையென்றால் முறுக்குகிறவர் தன் பலம் முழுவதையும் காட்டி ரப்பரை நசுக்கிக் கட்டியாக்கிவிடுவார். ரப்பருக்கு மேலும் கீழும் அகலமான வாஷர், முனையில் லாக் நட்டு. ரப்பர் கிழிந்தாலும் கூரை பறக்கக் கூடாது.

ஓர் இடத்தில் இரும்போடு இரும்பு பட்டுவிட்டாலும் நான்கு ரப்பரும் வீண். பட்டிருக்கிறதா என்று பார்க்க எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப் போதும். கூரையில் லைட் இருந்தால் அதன் ஒயரைக் கழற்றிவிட்டு, காலில் ஓர் இடத்திலும் கூரைச் சட்டத்தில் ஓர் இடத்திலும் பெயின்டைச் சுரண்டி, பேட்டரி, பல்பு வழியாக இரண்டையும் தொட்டுப் பாருங்கள். பல்பு எரிந்தால் எங்கோ இரும்பு இரும்பைத் தொடுகிறது. தேடி விலக்குங்கள். இதே காரணத்தால், ரப்பர் வைத்த பிறகு கூரை லைட்டுக்குப் பாடி எர்த் கிடைக்காது. தனி எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள், அந்த ஒயரும் விறைப்பாக இல்லாமல் ஒரு சுற்றுத் தொய்வாகப் போகட்டும்.

கால் பைப்புகளும் தனியாக ரீங்கரிக்கும். ஸ்பானரால் தட்டிப் பாருங்கள், கோயில் மணி மாதிரி இழுத்தால் உள்ளே மணல் நிரப்ப வேண்டும். 40க்கு 40 ஸ்கொயர் பைப், ஆறடி உயரம் என்றால் ஒரு காலுக்கு சுமார் 4 கிலோ மணல் பிடிக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, சலித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தட்டி இறக்குங்கள். ஈரம் இருந்தால் பைப் உள்ளிருந்து துருப்பிடிக்கும். நிரப்பியதும் வாயை மூடிவிடுங்கள். மறுபடி தட்டினால் 'தொப்' என்று செத்த சத்தம் வரும். இந்த அத்தியாயத்தில் செலவே இல்லாத வைத்தியம் இதுதான்.

தோல்: தகரத்தைப் பேசாமல் இருக்கச் செய்வது

புதிதாக டாப்பு அடிக்கப் போகிறவர்கள் சட்டத்தின் குறுக்குப் பைப்புகளைச் சம இடைவெளியில் போடச் சொல்லாதீர்கள். ஒரே அளவு கட்டங்கள் ஒரே வேகத்தில் சேர்ந்து அதிரும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று மாற்றிப் போட்டால் அந்த ஒற்றுமை குலையும். ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல லேசாக மடிப்பு கொடுத்தால் தகரம் விறைக்கும். தகரத்தைச் சட்டத்தில் வைக்கும் இடத்தில் ஈரப்பதம் தாங்கும் ரப்பர் பட்டை ஒட்டி, அதன்மேல் ஸ்குரூ போடுங்கள். ஸ்குரூ நான்கு விரல் இடைவெளிக்கு மேல் போனால் நடுவில் தகரம் சட்டத்தை அடித்துச் சடசடக்கும்.

ஏற்கெனவே அடித்த டாப்பு என்றால் சாக்பீஸ் வட்டத்துக்கு வாருங்கள். கார் ஆக்சசரீஸ் கடைகளில் கதவுக்குள் ஒட்டும் டாம்பிங் ஷீட் கிடைக்கும்: ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பியூட்டைல் ரப்பர் பசை. தகரம் நெளியும்போது அந்தப் பசைக்கும் சேர்ந்து நெளிய வேண்டியிருக்கிறது, அந்த நெளிவில் அதிர்வு சூடாக மாறிக் கரைந்துபோகிறது. தகரம் முழுவதும் ஒட்ட வேண்டியதில்லை. நெல் துள்ளிய நடுப்பகுதிகளில் மட்டும், மொத்தப் பரப்பில் மூன்றில் ஒன்று முதல் பாதிவரை ஒட்டினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஓரங்களில் தகரத்தைச் சட்டமே பிடித்திருக்கிறது, அங்கே ஒட்டுவது வீண்செலவு.

தார் கலந்த ஷீட் விலை மலிவு. ஆனால் சித்திரை வெயிலில் கை வைக்க முடியாமல் கொதிக்கும் தகரத்தின் அடியில் அது இளகி, தொங்கி, தலையில் விழும். ஆகவே பியூட்டைல்தான் என் பரிந்துரை. ஒட்டும் முன் தின்னர் போட்டு எண்ணெய்ப்பசை போகத் துடையுங்கள், காலை இளவெயிலில் தகரம் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒட்டுங்கள், பூரிக்கட்டையால் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி உருட்டுங்கள். குமிழ் இருக்கும் இடத்தில் வேலை நடக்காது. டாப்பின் மேற்பக்கம் வெள்ளை பெயின்ட் அடித்தால் சூடும் குறையும், பசைக்கும் ஆயுள் கூடும்.

முடிந்ததா என்று பார்க்க விரல் முட்டியால் தட்டுங்கள். முன்பு 'டங்ங்' என்றது இப்போது அட்டைப்பெட்டிபோல 'டப்' என்றால் போதும். நெல்லை மறுபடியும் தூவிப் பாருங்கள்.

கண்ணாடி: அடிப்பக்கத்தில் மெத்தை

உறுமல் அடங்கிய பிறகு மிஞ்சுவது டாப்பெட் சத்தம், ஃபேன் சத்தம், கியரின் கீச்சு. இவை கூரையில் பட்டுத் திரும்புபவை, இங்கேதான் மெத்தைக்கு வேலை. ஒரு பொருள் சத்தத்தை உறிஞ்சுமா என்று அறிய அதில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு சற்றுத் தடையோடு உள்ளே போக வேண்டும். தெர்மோகோலில் மூச்சு போகாது, அது சத்தத்தை உறிஞ்சாது. பெரிய பம்புசெட் அறைகளில்கூட முட்டை அட்டை ஒட்டியிருப்பதைப் பார்க்கிறேன். அது மெல்லிய காகிதம், எலிக்கு வீடு, தீப்பொறிக்கு விறகு. தயவுசெய்து வேண்டாம்.

பாறைப் பஞ்சு என்கிற ராக்வூல் நல்ல உறிஞ்சி, தீப்பிடிக்காது. ஆனால் தூசி உதிரும், தோலில் பட்டால் அரிக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, மெல்லிய கண்ணாடி இழைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். நம் ஊரில் கைக்கெட்டுவது ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தை. ஊதிப் பாருங்கள், மூச்சு போகும். ஈரத்தையும் ஓரளவு தாங்கும். ஆனால் எரியும் பொருள், எனவே சைலன்சர் பக்கம் ஒன்றரை அடிக்குள் அதை வைக்காதீர்கள். சோபா ஸ்பாஞ்சும் எரியும், எரிந்தால் வரும் புகை நஞ்சு.

தடிமன் ஓர் அங்குலம் போதுமா, இரண்டா? ஓர் அங்குலம் கீச்சுகளைப் பிடிக்கும். இரண்டு அங்குலம் இன்னும் தடித்த சத்தங்களையும் பிடிக்கும். இடமும் காசும் குறைவு என்றால், ஓர் அங்குல மெத்தையைத் தகரத்தோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் கீழே இறக்கி மாட்டுங்கள். அந்தக் காற்று இடைவெளி கிட்டத்தட்ட இரண்டு அங்குல மெத்தையின் பலனைத் தரும், தகரத்தின் கொதிப்பும் தலைக்கு இறங்காது. நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மெத்தைக்கு உறை போடும் இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று ரெக்சின் தைத்துவிடுகிறார்கள். ரெக்சினில் மூச்சு போகாது, சத்தம் மறுபடி திரும்பிவிடும். நாற்றங்காலுக்குக் கட்டும் நிழல்வலை, அல்லது மெல்லிய பருத்தித் துணி போதும். வளைவு வடிவ டாப்புகளுக்கு மெத்தை இன்னும் அவசியம். குழிந்த உட்பக்கம் சத்தத்தைச் சேர்த்து நடுவில், பெரும்பாலும் ஓட்டுபவர் தலை இருக்கும் இடத்தில், குவிக்கும்.

சைலன்சர் வாயும் சில்லறைச் சத்தங்களும்

பானெட் மேல் செங்குத்தாக நிற்கும் சைலன்சரின் வாய் டாப்பின் முன் ஓரத்துக்குக் கீழே இருந்தால், அதன் சத்தம் முழுவதும் டாப்புக்கு அடியில் நுழைகிறது. புகையும்தான். அதே விட்டமுள்ள பைப்பால் வாயை டாப்பு மட்டத்துக்கு மேல் உயர்த்தி, வெட்டுவாயை முன்பக்கம் பார்க்கத் திருப்புங்கள். பைப்பைக் குறுக்கினால் புகை திணறி என்ஜின் சூடாகும், அது வேண்டாம். உயர்த்திய பைப்பை டாப்போடு சேர்த்துக் கட்டவும் கூடாது, கட்டினால் கால் வழி மறுபடி திறந்துகொள்ளும். சைலன்சரைத் தட்டினால் உள்ளே கலகலத்தால் தடுப்புத் தகடுகள் அரித்து உதிர்ந்திருக்கின்றன என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே கசிகிறது. அந்த 'டிக் டிக்' நேராக முகத்துக்கு வரும்.

முன் கண்ணாடி போடலாமா என்று கேட்பார்கள். என்ஜினுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு தடுப்பு நல்லதுதான். ஆனால் மேலே மெத்தை போட்ட பிறகுதான் போட வேண்டும். அதற்கு முன் போட்டால் சத்தம் சுற்றிச் சுற்றி உள்ளேயே நிற்கும். நம் வெயிலுக்கு நான்கு பக்கமும் அடைப்பதை நான் சொல்லமாட்டேன். அதைவிடப் பலன் தருவது மிதிதளத்தின் முன் சுவரில் பெடல், ஸ்டியரிங் தண்டு நுழையும் ஓட்டைகளை ரப்பரால் அடைப்பது. ஒரு தடுப்பில் நூறில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலும், எவ்வளவு கனமான தடுப்பானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது.

டூல் பாக்ஸ் மூடி, செயின், நம்பர் பிளேட், சைலன்சர் மழைமூடி, லிங்க் பின்: ஒரு மாலை உட்கார்ந்து, என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் எது அடங்குகிறதோ அதற்கு ஒரு சைக்கிள் டியூப் துண்டு போதும்.

இத்தனையும் செய்தாலும் டாப்பு சேர்த்த சத்தத்தைத்தான் நீக்கியிருக்கிறோம், என்ஜின் சத்தம் இருக்கவே இருக்கிறது. ஆகவே காதடைப்பான் போடுங்கள். பஞ்சை உருட்டி வைப்பது பயன்படாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை விரல்களுக்கிடையில் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். சரியாகப் போனால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்கும். டாப்பில் ஸ்பீக்கர் மாட்டிப் பாட்டு கேட்கும் தம்பிகளுக்கு அன்போடு ஒன்று: என்ஜின் சத்தத்தை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் அதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கிறது, இரண்டும் சேர்ந்துதான் காதில் விழுகிறது. இரைச்சல் குறைந்த டாப்பில் பாதி வால்யூமிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும்.

வேலை முடிந்து 10 மணி நேரம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், ரப்பர் அதற்குள் படிந்திருக்கும். ஒவ்வோர் உழவுப் பருவத்துக்கு முன்னும் ரப்பரில் நகத்தால் கீறிப் பாருங்கள். டீசல் பட்டு உப்பியிருந்தாலோ வெயிலில் வெடித்திருந்தாலோ நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். அறுவடை முடிந்து வண்டி கொட்டகையில் நிற்கும் மாதங்களில் மெத்தைக்குள் எலி கூடு கட்டும். நிழல்வலையை ஒரு பக்கம் கொக்கியில் மாட்டி வைத்தால் அவிழ்த்துப் பார்த்து உதறிவிட்டு மறுபடி மாட்டலாம்.